வடிகாலைச் சாக்கடை என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஆதம்பாக்கம் பற்றி வந்த செய்தியில், தெருவோர மழைநீர் வடிகாலின் படத்துக்குக் கீழே 'தூர்வாரப்படும் சாக்கடை' என்று போட்டிருந்தீர்கள். இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

இரண்டும் வேறு என்று உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக் கழிவுநீர் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வடிகாலுக்குக் கடைசியில் அப்படி எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெய்கிற மழை வடிகாலில் இறங்கி, வீராங்கல் ஓடையில் கலந்து, அப்படியே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடல். 2022-இல் அந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது நீங்களும்தானே பெருமையாக எழுதினீர்கள்?

சாக்கடை என்றே பெயர் நிலைத்துவிட்டால் ஜனங்கள் அதில் எதைத்தான் கொட்ட மாட்டார்கள்? எங்கள் தெருமுனை ஓட்டலில் தினமும் ராத்திரி எண்ணெய்க் கழிவை ஊற்றுகிறார்கள். கேட்டதற்கு, "சாக்கடைதானே சார்" என்று பதில் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாயை வடிகாலுக்குள் சொருகி, மேலே சிமெண்ட் பூசி மறைத்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது, ஒருவரும் வந்து பார்க்கவில்லை. தூர்வாரினால் அந்தச் சேற்றை அங்கேயே ஓரத்தில் குவித்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப உள்ளே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடிகால் அடைத்துக்கொண்டதால் தெருவில் நின்ற தண்ணீரை வடிக்கப் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிட்டார்கள். அத்தனை மழையைச் சாக்கடைக் குழாய் எப்படித் தாங்கும்? எங்கள் வீட்டுக் கழிவறை வழியாகவே திரும்பி வந்தது. எண்பது வயது அம்மாவைக் கட்டில்மேல் உட்கார வைத்துவிட்டு, விடிய விடிய நானும் என் மனைவியும் வாளியால் இறைத்தோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனிமேல் 'மழைநீர் வடிகால்' என்றே போடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், வடிகாலில் போடுவது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் போட்டால் அதை வெட்டி அந்த ஓட்டல் சுவரில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை