ஐப்பசியில் பேசாத மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உங்கள் மூன்று பேர் நலத்துக்கும் நீலகண்டப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவன், ஐப்பசி பிறந்தால் மட்டும் வாயைக் கட்டிக்கொள்கிறாய். கேட்டால் வேலை அதிகம் என்கிறாய். சரி, சிங்கப்பூரில் ஐப்பசிக்கென்று எங்கிருந்துதான் அவ்வளவு வேலை வருகிறதோ. மழை பெய்தால் ராத்திரி எழுந்து கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாயாம். மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. படுக்கும்போது திருநீறு பூசிக்கொள்.

வடக்குக் கொல்லையில் அப்பா 2019இல் வைத்த நெட்டைத் தென்னங்கன்றுகள் பாளை விட்டுக் குரும்பை பிடித்துவிட்டன. கஜா புயலில் விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அரசாங்கம் கொடுத்தது. அது எந்த மூலைக்கு? கடனை அடைத்தது நீதான். நகையைத் திருப்பிக்கொண்டு வந்த அன்று அப்பா தெருவில் ஒருவரை விடவில்லை, எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கும் அந்த ராத்திரி நினைப்பு வராமல் இல்லை. காற்று லேசாக எழுந்தாலே ஓடு நொறுங்குகிற சத்தம் காதில் கேட்கும். அப்போதெல்லாம் அதற்கு அப்புறம் வந்தவர்களை நினைத்துக்கொள்வேன். வெளிமாவட்டத்திலிருந்து வந்து, சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து, பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்துக் கிடந்தார்களே, அந்த மின்வாரியப் பிள்ளைகள். டெம்போவில் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர்கள். ஒவ்வொரு முகமாக நினைத்துக் கும்பிட்டால் சத்தம் அடங்கிவிடும். சும்மா கிடக்கிற நிலத்தில்தான் கோரை மண்டும், தம்பி. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் நில். எதுவும் கேட்க வேண்டாம், கிடைத்ததைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வா. திருநீற்றை மறக்காதே.

இன்னொன்று. அந்தப் புயல் ராத்திரியில் நம் மாடு லட்சுமியை அவிழ்த்துவிட நீ போனாய். கதவைத் திறந்த உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தவள் நான். பட்டன் இரண்டு தெறித்தது. கொட்டகை மேல் மரம் விழுந்தது அதற்கு அப்புறம்தான். மாட்டுக்காக நானும்தான் அழுதேன். ஆனால் உன்னை இழுத்ததற்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. காலையில் விளக்கேற்றும்போது சாமிக்கு முதலில் நன்றி சொல்வதே அதற்குத்தான். அவிழ்க்காமல் விட்டோமே என்று நீ ஒரு கணக்கு வைத்திருக்கிறாய். நான் சாமியிடம் சொல்கிற கணக்கில் அது கிடையாது.

போனில் இதை ஆரம்பித்தால் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதினேன்.

மேலத்தெரு மாமா மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். செக்கு எண்ணெய் கொடுத்துவிடுகிறேன், பிள்ளை தலைக்கு அதையே வையுங்கள். இந்த ஞாயிறு கூப்பிடு. அப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசு.

அம்மா