தூக்க மாத்திரைக்கு முன் நான்கு கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண் மருந்துக் கடையில் போய் "ராத்திரி தூக்கமே இல்லைங்க" என்று சொன்னால், பல இடங்களில் அல்பிரசோலம் 0.25 மி.கி. என்ற தூக்க மாத்திரை கிடைத்துவிடுகிறது. சில மாதத்தில் அது 0.5 ஆகிறது. பிறகு அது இல்லாமல் கண் மூடாது. இந்த மருந்து, மருந்து விதிகளின் கட்டுப்பாட்டுப் பட்டியலான அட்டவணை எச்1-ல் உள்ளது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளி பெயரும் மருத்துவர் பெயரும் தனிப் பதிவேட்டில் ஏறி, அது மூன்று ஆண்டு பாதுகாக்கப்பட வேண்டும். விதி மீறுவது ஒருபுறம் இருக்கட்டும். தூக்கம் ஏன் கெட்டது என்று யாருமே கேட்பதில்லை என்பதுதான் செவிலியர்களான எங்களுக்குப் பெரிய வருத்தம்.

முதலில் கேட்க வேண்டியது: நடு ராத்திரியில் உடம்பு குப்பென்று சூடேறி, வியர்த்து முழிப்புத் தட்டுகிறதா? மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதி சின்ன மாற்றத்தையும் தாங்காது. லேசாகச் சூடு ஏறினாலே தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து வியர்வை கொட்டுகிறது. சில நிமிடத்தில் ஈர நைட்டியோடு குளிர் எடுக்கும். போர்வையை உதறுவதும் இழுப்பதுமாகவே இரவு போய்விடும். நைலானை விட்டுப் பருத்தி நைட்டி, கனத்த போர்வைக்குப் பதில் மெல்லிய துணி இரண்டு, தலைமாட்டில் மாற்று உடை, ராத்திரிச் சாப்பாட்டில் காரம் குறைவு என்று செய்தால் சிலருக்குக் கொஞ்சம் உதவும். நாலைந்து தடவை எழுப்பும் சூட்டுக்கு இது போதாது.

அதற்கு மிகவும் பலன் தருவது, குறைந்த ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை. 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு இதன் மேல் வந்த பயம் இன்னும் போகவில்லை. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள்ளோ, மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள்ளோ தொடங்கும் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனும் சேர வேண்டும். இயற்கை வகைப் புரோஜெஸ்ட்ரோனை இரவில் போட்டால் தூக்கத்துக்கும் துணை. மார்பகப் புற்றுநோய், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் அவர்களுக்கு உண்டு.

இரண்டாவது கேள்வி கால்களைப் பற்றி. படுத்தால் கெண்டைக்காலில் பூச்சி ஊர்வது போலக் குறுகுறுக்கிறதா, எழுந்து நடந்தால் சரியாகிறதா? மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் உதிரம் அதிகமாகப் போய், உடம்பில் இருப்பாக உள்ள இரும்புச்சத்து கரைந்துவிடும். ஹீமோகுளோபின் 12 என்று காட்டினாலும் இருப்பு காலியாக இருக்கலாம். ஃபெரிட்டின் பரிசோதனையில்தான் அது தெரியும். இந்தக் கால் தொந்தரவு இருந்து, ஃபெரிட்டின் 75-க்குக் கீழே போனால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம். காபி, டீ இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் வாங்கி வந்து ஒரே வேளையில் போட்டுக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர். தூக்கம் வரட்டும் என்று தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரையைப் போட்டால் கால் குறுகுறுப்பு கூடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, குறட்டையும் மூச்சும். மாதவிடாய் நின்ற பிறகு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பெண்களிடம் அதிகரிக்கிறது. ஆண்களைப் போலப் பலத்த குறட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. விடிகாலைத் தலைவலி, வறண்ட வாய், பகல் முழுக்க அசதி, எத்தனை மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தம் ஆகியவை அடையாளங்கள். இவர்களுக்குத் தூக்க மாத்திரை ஆபத்து. தூக்கப் பரிசோதனைதான் வழி.

நான்காவது, சிறுநீருக்காக எத்தனை முறை எழுகிறார்? சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையை ராத்திரி போடுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். எலும்பு தேயும் வயதில், மாத்திரை மயக்கத்தோடு இருட்டில் கழிவறைக்குப் போய் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும்.

காரணம் தீர்ந்தாலும் சிலருக்குப் படுக்கையைக் கண்டாலே விழிப்பு வரும். இதற்கு மருந்தில்லாத முறை உண்டு. ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் பெண் அதில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழட்டும். பகலில் தூங்கக் கூடாது. தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து கூடத்தில் உட்கார வேண்டும். ஒரு வாரம் அந்த நேரத்தில் நாலே முக்கால் மணி நேரமாவது தூங்கினால், அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். முதல் இரண்டு வாரம் அசதி கூடும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கவே கூடாது. வலிப்பு உள்ளவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் தாமாகச் செய்யக் கூடாது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அடுப்படிக்குள் போய்ப் பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்த நான்கு கேள்விகளையும் அவர்களின் படிவத்தில் சுகாதாரத் துறை சேர்க்க வேண்டும். தூக்க மாத்திரைக்கு ஏற்கெனவே பழகிவிட்டாரா என்பதையும் கேட்கட்டும். அப்படிப் பழகியவரிடம் "இன்றே நிறுத்து" என்று சொல்லிவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரும். மருத்துவர் பார்வையில், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மகளிர் நலப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை.