ஹைடாலின் 57 ஆண்டுகள்: செல் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களே,

நோர்வேயின் குட்பிரான்ஸ்டாலன் வட்டாரத்தில், ஷூவா ஆறு பாயும் பள்ளத்தாக்கில் உள்ள ஹைடால், இன்று உங்கள் ஆட்சி எல்லைக்கு உட்பட்ட ஒரு பகுதி. 1908 முதல் 1964 முடிய அது தனக்கென மன்றம் வைத்திருந்த தனி ஊராட்சி. பால் திரிந்தபின் எஞ்சும் தெளிநீரை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பழுப்புப் பாலாடைக்கட்டிக்காகவும், ஆற்றின் வேகத்தில் மிதவைப் படகு விடுவதற்காகவும் ஹைடாலை அறிந்தவர்கள் பலர். அதன் ஆட்சி வரலாற்றை அறிந்தவர்கள் சிலரே.

1837ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டங்களால் உருவான வோகோ ஊராட்சி 1908இல் பிரிந்தபோதுதான் செல், ஹைடால் ஆகிய இரண்டும் தனித்தனி ஊராட்சிகளாயின. உடன்பிறப்புகளான இவ்விரண்டும் 1965இல் இணைந்ததை, சிறியது பெரியதில் கரைந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடுவது முறையன்று. ஊராட்சி எல்லைகளை ஆராய 1946இல் அமைக்கப்பட்ட ஷைய் குழு, ஒன்பதாண்டுப் பள்ளிக் கல்வி போன்ற பொறுப்புகளைச் சிற்றூராட்சிகள் தனித்துச் சுமக்க இயலாது என்று கருதியது. அக்குழுவின் பணியை ஒட்டி நாட்டிலிருந்த 744 ஊராட்சிகள் ஏறத்தாழ 450 ஆகக் குறைந்தன. அந்தக் காரணம் நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் தன் மன்றத்தை இழந்த பள்ளத்தாக்கு எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதையும் யாரேனும் எழுதிவைத்தாக வேண்டும்.

1933இல் தீக்கிரையான ஹைடால் தேவாலயம், போர்க்கால நெருக்கடிக்கிடையிலும் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்து 1941இல் திறக்கப்பட்டது. இழந்ததை இழந்தபடியே மீட்டெடுத்த அம்மக்கள், எந்தச் சாலைக்கு முதலில் பணம் ஒதுக்கினார்கள், எந்தப் பள்ளிக்காக வாதாடினார்கள், இணைப்புப் பேச்சு வந்தபோது மன்றத்தில் என்ன சொன்னார்கள் என்பதை அறிய அந்நாளைய தீர்மானப் புத்தகங்களே வழி. அவற்றின் பக்கங்களைப் படியெடுத்து, ஹைடாலிலேயே பொதுமக்கள் படிக்குமாறு வைக்க வேண்டுகிறேன்.

இன்னொரு வேலைக்குக் காலம் குறைவு. 1963 உள்ளாட்சித் தேர்தலில், அன்றைய வாக்குரிமை வயதான 21 நிறைந்து ஹைடாலில் வாக்களித்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். 2020க்குள் நாட்டின் ஊராட்சிகள் 428இலிருந்து 356 ஆகச் சுருங்கியதை நீங்கள் அறிவீர்கள். நாளை செல் ஊராட்சியையும் வேறோர் ஊராட்சியோடு இணைக்கும் பேச்சு எழுமானால், உங்கள் மேசையில் முதலில் இருக்க வேண்டியது ஹைடாலின் பட்டறிவே. இவ்விரு பணிகளுக்கான நிதியை வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆர்வலர் ஒருவர்