ஒரு கோக் பங்கு 9,216 ஆன கதை

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அட்லாண்டாவில் பேத்தியோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்த சந்தோஷம் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. இங்கே எல்லோரும் நலம். சரோஜாவுக்கு இடது கண்ணில் கண்புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து நாலு வேளையும் நான்தான் விடுகிறேன். படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பேத்தி உன்னைத் தமிழில் திட்டிய இடத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை குழந்தை பேரில் கோகோ கோலா பங்கு இருபது வாங்கியிருக்கிறார். "சீக்கிரம் ஸ்பிளிட் வரும் மாமா, இருபது நாற்பதாகிவிடும்" என்கிறார். அப்படியென்றால் பணம் இரட்டிப்பாகுமா என்று நீ கேட்கிறாய்.

ஆகாது. பேங்க் கவுண்டரில் 500 ரூபாய் நோட்டை நீட்டி ஐந்து நூறாக வாங்கிக்கொண்டு போனவர்களை நீ எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பாய்! ஸ்பிளிட், அதாவது பங்குப் பிரிப்பும் அவ்வளவுதான். நம் ஊரில் முகமதிப்பை, அதாவது பங்கில் குறித்த ஆரம்ப மதிப்பை, 10 ரூபாயிலிருந்து 5 ஆகக் குறைத்து, ஒரு பங்கை இரண்டாக்குவார்கள். எண்ணிக்கை இரட்டிக்கும், விலை பாதியாகும், உன் சொத்து இருந்த இடத்திலேயே இருக்கும். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 1994ல் ஒரு கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் (கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம்) அறிவித்ததும், பி.எஃப். கடன் போட்டு வாங்கினேன். போனஸ் வந்தது, விலை பாதியானது, அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தப் பாதியும் கரைந்தது. மூத்தவள் கல்லூரிக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது. அன்றிலிருந்து பிரிப்பு, போனஸ் என்று யார் சொன்னாலும் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்காமல் விடுவதில்லை. கோக் வரலாற்றையும் அப்படித்தான் பல வருஷமாகப் பின்தொடர்ந்து வருகிறேன்.

1886ல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்ட்டன் உருவாக்கிய பானத்தை, 1892ல் ஏசா கேண்ட்லர் ஒரு கம்பெனியாக்கினார். 1919ல் எர்னஸ்ட் உட்ரஃப் தலைமையில் ஒரு குழு 2.5 கோடி டாலருக்கு அதை வாங்கிப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. ஒரு பங்கு 40 டாலர். அட்லாண்டா கோக் மியூசியத்தில் ரகசியச் செய்முறை இருக்கும் பெட்டகத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அந்தக் காகிதம் 1919ல் வாங்கிய கடனுக்கு ஈடாக நியூயார்க்கில் ஒரு வங்கியில் இருந்தது. 1925ல்தான் கடனை அடைத்து மீட்டார்கள். இது உனக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

40 டாலருக்கு வாங்கியவர்களுக்கு முதல் வருஷமே சோதனை. முதல் உலகப் போர் முடிந்து விலைக் கட்டுப்பாடு போனதும், 1920ல் சர்க்கரை விலை எகிறியது. கம்பெனி அந்த விலைக்கு வாங்கிக் குவித்த பிறகு, அதே வருஷம் விலை சரிந்து விழுந்தது. சிரப் விலையை உயர்த்தப் போய், பாட்டிலில் அடைக்கும் நிறுவனங்களோடு கோர்ட்டு வழக்கு வேறு. பங்கு பாதி விலைக்கும் கீழே போனது. அன்று பயந்து விற்றவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் வந்தவைதான் உன் மாப்பிள்ளை சொல்லும் பிரிப்புகள். 1927ல் ஒன்றுக்கு இரண்டு (நம் ஊர் வழக்கப்படி அதைப் போனஸ் என்றே சொல்லலாம்). 1935ல் ஒன்றுக்கு நான்கு. 1960ல் மூன்று. 1965, 1968, 1977 ஒவ்வொன்றிலும் இரண்டு. 1986ல் மறுபடி மூன்று. 1990, 1992, 1996, கடைசியாக 2012 ஜூலையில் இரண்டிரண்டு. மொத்தம் பதினொன்று. பெருக்கிக்கொண்டே போ: 2, 8, 24, 48, 96, 192, 576, 1152, 2304, 4608, 9216. 1919ல் வாங்கிய ஒரே ஒரு பங்கு, விற்காமல் இருந்தால் இன்று 9,216 பங்கு.

இதில் 1935ஐ நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. அமெரிக்கா முழுக்க வேலையில்லாமல் ஜனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம். சில வருஷம் முன்புதான் ஏராளமான வங்கிகள் மூடிப்போயிருந்தன. அந்த நேரத்தில் ஒரு கம்பெனியின் பங்கு விலை ஏறி, நான்காகப் பிரிக்க வேண்டிய நிலை வருகிறது. ஒரு பாட்டில் 5 சென்ட். 1886ல் ஒரு கிளாஸ் விற்ற அதே 5 சென்ட்தான், 1950கள் வரை அப்படியே இருந்தது. கையில் கடைசிக் காசு இருப்பவனும் அதைக் கொடுத்து வாங்கிக் குடித்தான்.

இதை முதலில் கவனித்தவர் உன்னைப் போல ஒரு வங்கிக்காரர். ஃபுளோரிடாவில் குவின்சி என்று ஒரு சின்ன ஊர், புகையிலை விவசாயம்தான் பிழைப்பு. அங்கே வங்கி நடத்திய பேட் மன்ரோ, கடன் கேட்டு வந்த விவசாயிகளிடமும் டெபாசிட் போட வந்த விதவைகளிடமும் கோக் பங்கு வாங்கச் சொன்னார். வாங்குவதற்குக் கடனும் கொடுத்தார். பங்கு விழுந்தபோதும் விற்காதே என்றார். 1930களில் புகையிலை விலை விழுந்தபோது ஊரைத் தாங்கியது கோக் தன் லாபத்திலிருந்து பங்குக்காரர்களுக்குக் கொடுத்த டிவிடெண்ட் பணம். பிற்பாடு அந்த ஊரில் அறுபதுக்கும் மேற்பட்ட கோக் கோடீஸ்வரர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். கடனுக்குப் பங்கு வாங்கச் சொல்வதை வங்கிக்காரனாக நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். 1994க்குப் பிறகு நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த மனிதர் பொருளையும் வாங்குகிறவனின் கையையும் பார்த்த விதம் என்னை வியக்க வைக்கிறது.

மாப்பிள்ளையிடம் இதையும் சொல். 1935க்கும் 1960க்கும் நடுவே இருபத்தைந்து வருஷம் ஒரு பிரிப்பும் இல்லை. 1996க்கும் 2012க்கும் நடுவே பதினாறு வருஷம் இல்லை. 1998ல் 85 டாலரைத் தாண்டிய பங்கு, 2003ல் 40 டாலருக்குக் கீழே வந்தது. 2012 பிரிப்பைக் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும், அந்த உச்சத்தை மறுபடி எட்டப் பதினைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. பிரிப்பை எதிர்பார்த்து 1998ல் வாங்கியவனின் நிலையை நினைத்துப் பார். முன்பெல்லாம் அமெரிக்காவில் நூறு பங்காக வாங்கினால்தான் தரகுச் செலவு கட்டுப்படியாகும். அதனால் சாதாரண ஆளுக்கு எட்டும் விலையில் வைக்கப் பிரித்தார்கள். இப்போது ஒரு பங்கின் துண்டைக்கூட வாங்கலாம் என்றாகிவிட்டதே, அவசரப்பட்டுப் பிரிக்க என்ன தேவை?

1977 என்று எழுதும்போதே கை நின்றது. அந்த வருஷம் மே மாதம் அங்கே பங்கை இரண்டாகப் பிரித்தார்கள். அதே வருஷம் இங்கே ஜனதா அரசு, அந்நியப் பங்கை 40 சதவீதமாகக் குறை என்றது. மறுத்துவிட்டு கோக் வெளியேறியது. கடைசிப் பரீட்சை முடிந்து பாளை மார்க்கெட் பக்கம் ஆளுக்குப் பாதியாக ஒரு பாட்டில் குடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1993ல் அது திரும்பி வந்தபோது நமக்கெல்லாம் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

பிரிப்பைவிட டிவிடெண்டைப் பார் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1994ல் கோக் பங்கு வாங்கி முடித்தபோது அவர் நிறுவனத்திடம் 10 கோடி பங்கு, செலவு 130 கோடி டாலர். இரண்டு பிரிப்பில் அது 40 கோடிப் பங்கானது, ஒரு சென்ட் கூடச் சேராமல். ஆனால் 1994ல் 7.5 கோடி டாலராக இருந்த டிவிடெண்ட், 2022ல் 70.4 கோடி டாலர். அந்த வித்தியாசம்தான் நிஜமான வரவு.

இன்னொன்று, நேற்று ராத்திரி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து நானே அசந்துபோனது. ஒரு பங்கு 60 டாலர் என்று வைத்தால் 9,216 பங்கு ஐந்தரை லட்சம் டாலர். 40 டாலர் அவ்வளவாக ஆனது, டிவிடெண்டைச் சேர்க்காமல், வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரை சதவீதம்தான். நீ மேனேஜராக இருந்தபோது ஃபிக்சட் டெபாசிட்டுக்கு அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறாய். அங்கே அது நூறு வருஷத்துக்கு மேல் விடாமல் நடந்திருக்கிறது.

அதனால் குழந்தையின் இருபது பங்கு இருக்கட்டும். வரும் டிவிடெண்டை அதே பங்கில் திரும்பப் போடும் வசதி அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று மட்டும் மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

சரோஜாவுக்குக் கண் சரியானதும் பங்குனி உத்திரத்துக்கு உங்கள் பக்கம் வருகிறோம். சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு இரண்டு நாள் உன் வீட்டில்தான். மியூசியத்தில் எனக்கென்று வாங்கிய பாட்டில் ஓப்பனரை எடுத்து வை.

அன்புடன்,
முருகேசன்