பைபாஸ் வால்வை அடைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லியிருந்தீர்கள். சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள காரில், அந்தக் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு காற்றை வீணாக்குகிறது, அதை அடைத்துவிட்டு, பெட்டி இல்லாத ஓபன் ஏர் ஃபில்டர் போட்டால் பிக்கப் கூடும் என்று. இரண்டுமே தப்பு. பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தம்பி வந்து "அண்ணாச்சி, இதே மாதிரி செஞ்சு தாங்க" என்று நிற்கிறான். தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

முதலில் வால்வு. இதே வேலையைச் செய்யும் டர்போவைச் சுற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. சூப்பர்சார்ஜர் அப்படியில்லை, கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுவது, பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் எஞ்சினைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில். அதில் ரூட்ஸ் வகை என்றால் உள்ளே சுழலும் இரண்டு ரோட்டார்கள். 1860-ல் அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய ஊதுகருவியின் வழி வந்தது இது. காற்றை உள்ளே வைத்து அமுக்குவதில்லை, இந்தப் பக்கம் அள்ளி அந்தப் பக்கம் தள்ளும், அவ்வளவுதான். எஞ்சின் இழுப்பதைவிட அதிகமாகத் தள்ளுவதால், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது.

சரி, வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போதும், நாங்குநேரி நாலு வழிச்சாலையில் 80-ல் சும்மா போகும்போதும் இந்தக் காற்று எஞ்சினுக்கு வேண்டுமா? வேண்டாம். ஆனால் ரோட்டார் நிற்காது. அங்கேதான் வால்வு வேலை செய்கிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது மேனிஃபோல்டில் வாக்குவம் இருக்கும், அது ஒரு சின்ன ஹோஸ் வழியாக டயஃப்ரம் என்ற சவ்வை இழுத்து வால்வைத் திறக்கும், தள்ளிய காற்று சூப்பர்சார்ஜரின் வாய்க்கே திரும்பி வரும். வாழைக்கு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயரில் கன்னை மூடினால் மருந்து ரிட்டர்ன் ஹோஸில் டிரம்முக்கே போகுமே, அதே கணக்கு. இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் ரோட்டாருக்குப் பாரம் இல்லை, பெட்ரோலும் அதிகம் போகாது. முழுதாக மிதித்தால் வாக்குவம் போய்விடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும், அத்தனை காற்றும் எஞ்சினுக்குத்தான். அதாவது பவர் வேண்டிய நேரத்தில் அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது! அடைத்து வைப்பதால் வேறென்ன கிடைக்கும்? மற்ற நேரமெல்லாம் சூடும் ஊளைச் சத்தமும் மைலேஜ் இழப்பும்தான்.

தென்காசியிலிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தார், ஐடிலிங்கிலேயே ஊளை, மைலேஜ் படுத்துவிட்டது. வேறொரு இடத்தில் சூப்பர்சார்ஜரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், கேட்ட தொகையில் ஒரு பழைய கார் வாங்கலாம். பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டேன், வால்வின் லிவர் அசையவே இல்லை. வாக்குவம் ஹோஸ் சூட்டில் காய்ந்து, நிப்பிளில் மாட்டும் முனையில் பிளந்திருந்தது. பிளந்த முனையை நறுக்கிவிட்டு மாட்டினேன், லிவர் சட்டென்று இழுத்துக்கொண்டது, சத்தமும் நின்றது. இந்தச் சோதனையை யாரும் செய்யலாம். ஐடிலிங்கில் லிவர் இழுபட்டிருக்க வேண்டும், சடாரென்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு கணம் திரும்பிப்போய் மறுபடி இழுக்க வேண்டும். சில கார்களில் டயஃப்ரத்துக்குப் பதில் சின்ன மோட்டார் இருக்கும், அதை மட்டும் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க முடியும்.

அப்புறம் ஃபில்டர். பெட்டியை எறிந்துவிட்டு எஞ்சின் பக்கத்தில் ஓபன் ஃபில்டர் மாட்டினால் சத்தம் கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் அது இழுப்பது ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூட்டுக்காற்றை. நம்ம ஊர் மே மாத வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் பானட்டுக்குள் 70 என்று வையுங்கள், அந்த வித்தியாசத்திலேயே காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் போய்விடும். அதன்மேல் ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் அரை பார் அழுத்தம் ஏற்றினால் இன்னும் 50 டிகிரிக்கு மேல் கூடும். அந்தக் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலர் எவ்வளவைத்தான் ஆற்றும்? எஞ்சின் நாக் அடிக்கப் பார்க்கும், அதாவது பெட்ரோல் சூட்டில் தானாகவே வெடிக்கும், உடனே கம்ப்யூட்டர் பிளக்கில் பொறி விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னால் தள்ளும், காசு கொடுத்து வாங்கிய பிக்கப் அங்கேயே போயிற்று. கம்பெனிக்காரன் முன்பக்க கிரில்லிலிருந்து குழாய் இழுத்து மூடிய பெட்டிக்குள் ஃபில்டரை வைத்திருப்பது இதற்காகத்தான்.

புழுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடி மேல்காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் போய்வந்த வண்டியின் ஃபில்டரைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? திசையன்விளை தேரி மணல் என்றால் கேட்கவே வேண்டாம். ரோட்டாருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான். மணல் உள்ளே போனால் ரோட்டாரின் பூச்சு தேயும், தேய்ந்த இடைவெளியில் காற்று பின்னால் கசியும், அதைச் சரிசெய்ய ஹோஸ் நறுக்கினால் போதாது.

பம்பரின் அடியில் ஃபில்டரை இறக்கி வைத்தால் குளிர்ந்த காற்று கிடைக்குமே என்று அந்தத் தம்பி கேட்டான். கிடைக்கும், ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். தாழ்ந்த ஃபில்டர் முங்கினால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குப் போகும், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். அப்படித் தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி சாவி போட்டு முடுக்காதீர்கள். தள்ளிக் கொண்டுவந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
பாளையங்கோட்டை