மீட்டர் வாங்கும் முன் எங்கள் தெருவுக்கு ஒரு நடை வந்து போங்கள்

பெங்களூரு மத்திய மாநகராட்சி ஆணையருக்கும், பார்க்கிங் டெண்டரைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் முப்பது வருடமாகத் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். பட்டன், ஜிப், லைனிங் துணி, புடவை ஃபால்ஸ். தெருவோரம் நிற்கும் வண்டிகளுக்குக் காசு வாங்கும் மீட்டர் மெஷின்களை நீங்கள் வாங்கப்போவது பற்றித்தான் இந்தக் கடிதம். இதே விஷயத்தைக் கன்னடத்தில் மனுவாக எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கியாயிற்று. தமிழில் எழுதுவது சிவாஜிநகர், அல்சூர் பக்கத்து எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்பதற்காக. காசு கட்டப்போகிறவர்களில் அவர்களும் உண்டே.

முதலில் ஒன்று. பார்க்கிங்குக்குக் காசு வாங்குவதில் எனக்கு வருத்தம் கிடையாது. எங்கள் சந்தில் காலை பத்து மணிக்கே இடம் நிரம்பிவிடும். நிரப்புவது யார்? கடைக்காரர்களும் கடைப் பையன்களும்தான். ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை வண்டி நகராது. வாடிக்கையாளர் மூன்று சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிப் போவார். என் ஸ்கூட்டரும் அந்த வரிசையில்தான் நிற்கிறது, மறைப்பானேன். 1935-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டதே இந்தத் தொல்லைக்காகத்தான். கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்களே நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், வாங்க வந்தவர்களுக்கு நிற்க வழியில்லை.

ஆக, மீட்டர் வரட்டும். யாரிடம் வாங்குகிறீர்கள், என்ன எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சில வருடங்களுக்கு முன் என் கடை வாசலில் ஒரு மெஷின் வைத்தார்கள். யார் வைத்தது என்ற பேச்சு இப்போது வேண்டாம். முதல் மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ரசீது ரோல் தீர்ந்தது. மெஷினில் ஒட்டியிருந்த நம்பருக்குக் கடைப் பையன் போன் போட்டான். புகார் பதிவாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது, ரோல் வரவில்லை. காசு போட்டவர்கள் ரசீது எங்கே என்று எங்கள் கல்லாவுக்கு வந்து சண்டை போட்டார்கள். ஐப்பசி மழையில் திரைக்குள் நீர் இறங்கி, எழுத்தெல்லாம் கண்ணாடிக்குள் வியர்த்தது போல ஆயிற்று. கொஞ்ச நாளில் அதன் தலை டீ கிளாஸ் வைக்கும் இடமானது. எதிரே உட்காரும் பூக்காரம்மா அதில் ஆணி மாட்டிச் சாமந்திச் சரத்தைத் தொங்கவிட்டார். ஒருநாள் ஒரு டெம்போ வந்தது, மெஷினைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மெஷின் கெட்டதில்கூட எனக்குக் குறையில்லை. இயந்திரம் என்றால் கெடும். அதைச் சரிசெய்யும் ஆள் இந்த ஊரிலேயே இல்லை என்பதுதான் கோபம். கர்நாடகத்தின் 1999-ஆம் ஆண்டு கொள்முதல் சட்டப்படி தொழில்நுட்பத்துக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று டெண்டரைத் தனித்தனியாகத் திறக்க இடமிருக்கிறது. அந்த முதல் உறையிலேயே கேளுங்கள்: பெங்களூரில் உங்களுக்கு எத்தனை மெக்கானிக், ரோல் தீர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்? வராத ஒவ்வொரு மணிக்கும் அவர்கள் பில்லில் பிடியுங்கள். செத்த மெஷின் பக்கத்தில் நின்ற வண்டிக்கு அபராதம் போடக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஏசி அறையில் மெஷினை வைத்துக் காட்டினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சோலார் மெஷின் என்பார்கள். அதைக் கஸ்தூர்பா ரோட்டில், கப்பன் பார்க் மரங்களின் நிழலில் ஒரு ஆடி மாதம் நிறுத்திப் பாருங்கள். வெயிலே படாத பலகைக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? மேலே காக்கை எச்சம் வேறு. டூவீலருக்கு என்ன வழி என்றும் கேளுங்கள். இந்த ஊரில் ஓடுவதில் பெரும்பங்கு அதுதான். ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலு ஸ்கூட்டர் நிற்கும்போது, ஓரிடத்துக்கு ஒரு கம்பம் என்ற கணக்கு இங்கே உதவாது. வண்டி நம்பரை அடித்துக் காசு கட்டும் மெஷின் என்றால் ஓசூரிலிருந்து வரும் டி.என். 70 வண்டியையும் அது மதிக்க வேண்டும். திரையில் தமிழ் வேண்டும் என்று கேட்க மாட்டேன். கன்னடமும் பெரிய எழுத்தும் இருந்தால் போதும்.

க்யூஆர் ஸ்டிக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பார்க்கிங் மெஷின்கள் மேல் போலி க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிக் காசு பிடுங்கப் பார்த்தார்கள். க்யூஆர் குறி மெஷினின் திரையிலேயே வரட்டும். நியூயார்க்கில் இன்னொரு கூத்து. 2020 ஜனவரி 1 அன்று மீட்டர்கள் கார்டு வாங்க மறுத்தன. மென்பொருளின் கெடு அந்தத் தேதியோடு முடிந்துவிட்டது; புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்கவில்லை. ஊழியர்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சரி, எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சிகாகோ நகரம் 2008-இல் சுமார் 36,000 மீட்டர்களை 75 வருடத்துக்குத் தனியாரிடம் எழுதிக் கொடுத்தது. கைக்கு வந்தது ஏறக்குறைய 115 கோடி டாலர். திட்டம் நகர மன்றத்துக்கு வந்த சில நாட்களிலேயே ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. அந்நகரத்தின் தலைமை ஆய்வாளர் பிறகு கணக்குப் பார்த்து, 97 கோடி டாலருக்கு மேல் குறைவாக விற்றுவிட்டார்கள் என்றார். அதுகூடப் பரவாயில்லை. ரோடு வேலைக்கோ தெருவிழாவுக்கோ மீட்டர் இடத்தை மூடினால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகும்போது நகரமே அந்தக் கம்பெனிக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும்.

இதை இங்கே வைத்துப் பாருங்கள். மெட்ரோ வேலைக்காகக் காமராஜ் ரோட்டின் ஒரு பகுதியை 2019-இல் மூடினார்கள். ஒரு பக்கம் திறந்தது 2024-இல். அந்த ஐந்து வருடமும் எங்கள் வியாபாரம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அங்கே மீட்டர் இருந்து, அப்படி ஒரு ஒப்பந்தமும் இருந்திருந்தால், மூடிய ரோட்டுக்கு மாநகராட்சி ஐந்து வருடம் வாடகை கட்டியிருக்கும், அதாவது நாங்கள். செப்டம்பர் 8 அன்று செயின்ட் மேரிஸ் பசிலிக்கா திருவிழாவில் மாதா தேர் சிவாஜிநகர் தெருக்களில் வரும். அன்று வண்டி நிறுத்த முடியாததற்கு யார் யாருக்குப் பணம் தருவது? ரோட்டைத் தோண்டினாலும் தேர் வந்தாலும் நஷ்டம் கம்பெனியுடையது என்று ஒரு வரி போடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த நேரத்தில் எவ்வளவு வண்டி நிற்கிறது என்ற கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த டெண்டரில் அவர்களுக்கு மட்டும்தான் தெருவின் விலை தெரியும்.

தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு மூன்று கம்பெனிகளின் மெஷினை எங்கள் சந்தில் ஒரு மழைக்காலம் நிறுத்திப் பாருங்கள். கடை வாசலில் இடம் தருகிறேன். ஒன்று மட்டும் உடனே செய்ய வேண்டும். பழைய மெஷினை எடுத்தவர்கள் அதன் நாலு போல்ட்டை நடைபாதையிலேயே விட்டுவிட்டார்கள். போன வாரம்கூட ஒரு பாட்டி அதில் கால் தடுக்கி விழப் பார்த்தார். அதையாவது அறுத்தெடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தையல் சாமான் கடைக்காரன்