போனுக்குப் போதாது, சென்சாருக்குப் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைஃபை சிக்னலிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'இனி போனுக்குச் சார்ஜரே வேண்டாம்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். விஷயம் உண்மை, தலைப்புதான் தப்பு. இந்தத் தொழில்நுட்பம் நல்லபடியாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரூட்டர் 100 மில்லிவாட் அனுப்புகிறது, அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி உள்ளங்கை அளவுக்கு, அதாவது 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஆன்டெனா வைத்தால் அதில் விழுவது 9 மைக்ரோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 6 மீட்டர் போனால் அதில் கால்பங்குதான். அதுவும் ரூட்டர் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால்தான், நிஜத்தில் அது விட்டு விட்டுத்தான் அனுப்புகிறது. போன் பேட்டரி கிட்டத்தட்ட 15 வாட்-மணி பிடிக்கும். அந்த 9 மைக்ரோவாட்டில் துளிகூட வீணாகாமல் சேர்த்தாலும் ஒரு தடவை நிரம்ப 190 வருஷம் ஆகும். யானைப் பசிக்குச் சோளப்பொரி! இதில் டயோடு, அதாவது சிக்னலை நேர்மின்சாரமாக மாற்றும் பாகம், தின்கிற பங்கை நான் சேர்க்கவே இல்லை. சிக்னல் இவ்வளவு மெலிதாக இருக்கும்போது டயோடு சரியாகத் திறப்பதே கஷ்டம், பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

சரி, அப்படியானால் இது எதற்குத்தான் உதவும்? நான் குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலை சென்சார்களைப் பராமரிக்கிறவன். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். கடுங்குளிரில் அதன் வோல்டேஜ் இறங்கிவிடும், வெளியே எடுத்துச் சோதித்தால் நன்றாகத்தான் காட்டும். ஏணியில் ஏறி, கையுறையோடு அந்தச் சின்ன வட்டத்தைப் பிடிக்க முடியாமல் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும், பேட்டரி நழுவிப் பெட்டிகளுக்கு நடுவில் விழும். உணவுப் பொருள் இருக்கிற இடம், அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தித் தேட வேண்டும். உள்ளே பெரும்பாலும் விளக்கு அணைந்தே இருக்கும் என்பதால் சோலார் துண்டும் வேலைக்கு ஆகாது. விளக்கு எரிகிற அறை என்றால் நானே சோலார்தான் நல்லது என்பேன், அதே அளவுத் துண்டில் அது சிக்னலைவிட அதிகம் தரும்.

இங்கேதான் அந்த மைக்ரோவாட்டுகளுக்கு மதிப்பு. சென்சார் எப்போதும் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆன்டெனா பிடித்ததை டயோடு நேர்மின்சாரமாக்கும், அது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், போதுமான அளவு வந்ததும் சென்சார் எழுந்து ஒரு அளவு எடுத்து அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். தகரச் சுவர் வெளி சிக்னலை உள்ளே விடாது, அதனால் எங்களைப் போன்ற இடத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டரை உள்ளேயே மாட்ட வேண்டும். ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் வயர் இழுப்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இது நேற்றுத் தோன்றிய யோசனையும் இல்லை. பேட்டரி இல்லாத பழைய கிரிஸ்டல் ரேடியோ, ஒலிபரப்பு நிலையத்தின் அலையிலேயே ஹெட்போனைப் பேச வைத்தது. ரேடியோ அலையைப் பிடிக்கும் கலீனா (ஈயத் தாது) டிடெக்டருக்கு ஜகதீஷ் சந்திர போஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1904-ல். 2013-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், டிவி சிக்னலில் இயங்கி, அதே சிக்னலைத் திருப்பி எதிரொளித்தே பேட்டரி இல்லாத இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசின. கண்ணாடியில் வெயிலைப் பட்டுப் பட்டென்று திருப்பிச் சைகை காட்டுகிற மாதிரி. சொந்தமாக அலை உண்டாக்காததால் மின்செலவு மிகக் குறைவு. 2017-ல் அங்கேயே பேட்டரி இல்லாத ஒரு போனையும் செய்தார்கள். அது சில மைக்ரோவாட்டில் ஓடியது, ஆனால் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு தனி நிலையம் வேண்டியிருந்தது. நம் கையில் இருக்கிற, திரையும் கேமராவும் வைத்த போனோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உங்கள் தலைப்பை நம்பி யாராவது 'காற்றிலிருந்து சார்ஜ் ஆகும்' என்று விற்கிற பெட்டியை வாங்கி ஏமாந்தால், அப்புறம் நிஜமாக வேலை செய்கிற கருவி வரும்போதும் அவர் நம்ப மாட்டார். அடுத்த இதழில் தலைப்பைத் திருத்தி நாலு வரி போடுங்கள். முடிந்தால் அந்த 2013 பரிசோதனையைப் படம் வரைந்து ஒரு பக்கத்துக்கு விளக்குங்கள், எங்கள் கிடங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பேட்டரி மாற்றியே களைத்த ஒரு வாசகன்